க்ளோரின் கலி

ஆங்கிலத்தில் எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. பிடிக்காது என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. அருவருப்பு என்பதுதான் சரி. சாதத்தைப் பிசையும்போது விரலில் தலைமுடி சுற்றிக்கொண்டால் அடிவயிற்றிலிருந்து ஒன்று வருமே, அதுதான் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு வரும். க்ரானிக்கலி. இத்தனைக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துதான் நான் சோறு தின்றேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு மொத்த மளிகைக் கடை. தென்பக்கத்திலிருந்து வந்து குடியேறிய நாடார் குடும்பம் ஒன்று நடத்தியது. அந்தக் கடைக்கு மேல்மாடியில் தகரக்கூரை போட்ட ஓர் அறையில் நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்தேன். கீழே மிளகாய் மூட்டையை இறக்கினார்கள் என்றால் மேலே வகுப்பு முழுக்கத் தும்மும். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்று ஹாரன் அடிக்கும்போது நான் கத்திக் கத்தி வினையுரிச்சொல் நடத்துவேன். எப்படி என்ற கேள்விக்குப் பதில் சொல்வது வினையுரிச்சொல். எப்படி ஓடினான்? வேகமாக. எப்படிப் பேசினாள்? மெதுவாக. ரொம்ப சுலபம், பரீட்சைக்கும் வரும்.

க்ரானிக்கலிக்கு நான் வைத்திருந்த உதாரணம் என் வகுப்புப் பெண்தான். மீஞ்சூரிலிருந்து ரயிலில் வருவாள், தினமும் தாமதம். அவள் வாசலில் நிற்கும்போது, இதோ, இவள் க்ரானிக்கலி லேட், என்றைக்குமே லேட் என்பேன். வகுப்பு சிரிக்கும். அவளும் சிரித்துவிட்டு, "நான் லேட்டு இல்ல டீச்சர், ட்ரெயினுதான் லேட்டு" என்பாள். ரயில் தாமதமாக வந்தாலும் வாக்கியத்தில் எழுவாய் அவள்தானே, உட்கார் என்பேன். நல்ல உதாரணம் கிடைத்ததில் எனக்குத் திருப்தி.

எங்கள் மொழியில் அதற்கு நேரான சொல் நாள்பட்ட என்பது. நாள்பட்ட இருமல், நாள்பட்ட புளி, நாள்பட்ட பகை. சொல்லிப் பாருங்கள், அதில் ஒரு பட்ட இருக்கிறது. அடிபட்ட, கஷ்டப்பட்ட, அவமானப்பட்ட என்பதில் வரும் அதே பட்ட. யாரோ ஒருவர் நாளைப் பட்டிருக்கிறார் என்று அந்தச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலச் சொல்லில் அந்தச் சங்கடம் இல்லை. அது ஆளின் பக்கத்தில் வந்து பிறவி மச்சம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். எப்போது ஆரம்பித்தது, யாரால் என்று கேட்க வழி இருக்காது. இதெல்லாம் வகுப்பெடுத்து எனக்குத் தெரிந்ததில்லை. என் அக்கா வீட்டுக்காரரின் நெஞ்சிலிருந்து தெரிந்துகொண்டது.

அக்காவும் மாமாவும் எங்களுக்கு ஒரு தெரு தள்ளிக் குடியிருந்தார்கள். மாமாவுக்கு எண்ணூர் போகிற பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. பேரைச் சொல்லப் போவதில்லை. அங்கே சிலிண்டர் ஷெட் என்று ஒன்று. குளோரின் வாயுவைச் சிலிண்டரில் அடைத்து அனுப்புகிற இடம். மூடியில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதும், இருந்தால் இறுக்குவதும், சிலிண்டரை உருட்டி லாரியில் ஏற்றுவதும் மாமாவின் வேலை. முகமூடி ஒன்று உண்டு. நாலைந்து பேருக்குச் சேர்த்து ஒன்று. முந்தின ஷிப்டுக்காரனின் எச்சில் உள்ளே காய்ந்து கிடக்கும். மாமா அதைப் போடாமல் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொள்வார்.

அவர் வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் அவருக்கு முன்னால் அந்த வாசனை நுழையும். வாசனை என்று எழுதவே கை கூசுகிறது. கக்கூஸைக் கழுவி ப்ளீச்சிங் பவுடர் தூவினால் ஒரு நாற்றம் வருமே, அதை ஒரு மனிதன் மேல் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவருடைய நீலச் சட்டையின் காலர் வெளுத்து மஞ்சளாகியிருக்கும். அவர் துணியோடு சேர்த்துத் துவைத்தால் அக்காவின் புடவையும் திட்டுத்திட்டாக வெளுக்கும். அக்காவின் வெள்ளிக் கொலுசு கறுத்தே போயிற்று. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பாள், ஒரு வாரம் பளிச்சென்று இருக்கும், திரும்பக் கறுக்கும்.

மாமா முன்பெல்லாம் தெருமுனையில் வரும்போதே விசில் அடிப்பார். அதைக் கேட்டுவிட்டுத்தான் அக்கா கதவுத் தாழ்ப்பாளை எடுப்பாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த விசில் அவர் வாசலுக்கு வந்த பிறகுதான் கேட்பதாக ஆயிற்று. அப்புறம் வெறும் காற்றாக ஆயிற்று. அப்புறம் இருமல்தான் வந்தது. அக்கா அதைக் கேட்டே கதவைத் திறக்கப் பழகிக்கொண்டாள். கொட்டாங்கச்சியில் சாம்பல் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்திருப்பாள். அதில் அவர் துப்பியதை வெளியே கொண்டுபோய்க் கொட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தேன். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அந்தச் சமயத்தில் கம்பெனி கேட்டில் காவலுக்கு இருந்தவர் வயதாகி நின்றுவிட்டார். அந்த இடத்தில் மாமாவைப் போடவேண்டும் என்பது ஒன்றுதான் அக்காவின் வேண்டுதல். அந்த கேட் ஷெட்டிலிருந்து தள்ளி, சாலையோரம் இருந்தது. அங்கே உட்கார்ந்தால் நெஞ்சு கொஞ்சம் ஆறும். வேறு எதையும் அவள் கேட்கவில்லை. இருமல் வேலையால் வந்ததுதான் என்று கம்பெனி டாக்டர் சொல்லட்டும், இடம் மாற்றிவிடலாம் என்று சூப்பர்வைசர் சொன்னார். அக்கா மாமாவை இழுத்துக்கொண்டு கம்பெனி டிஸ்பென்சரிக்குப் போனாள்.

அன்று மதியம் நான் வகுப்பில் இருந்தேன். அக்கா மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்து வாசலில் நின்றாள். அவள் முகத்தை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"இன்னாடி இன்னும் பாடம் நடத்திகினு கீற? டாக்டரு வாயாலயே சொல்லிட்டாரு."

"இன்னா சொன்னாரு?"

"க்ளோரின் கலின்னு சொல்ட்டாரு."

எனக்குப் புரியவில்லை. முழுதாகச் சொல்லச் சொன்னேன். டாக்டர் மாமாவின் முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த கம்பவுண்டரிடம் இங்கிலீஷில் சொன்னாராம். அக்கா அதை மனப்பாடம் செய்துகொண்டு வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"ஹி ஈஸ் க்ளோரின் கலி லைக் திஸ். லைக்குன்னா மாதிரிதானே? க்ளோரின் கலியால ஆளு இந்த மாதிரி ஆயிட்டான்னு சொல்றாரு. எனுக்கு இங்கிலீஸு தெரியாதுன்னு நென்ச்சிகினு தைரியமா சொல்லிட்டாரு."

ஹி இஸ் க்ரானிக்கலி லைக் திஸ். இவன் எப்பவுமே இப்படித்தான். டாக்டர் சொன்னது அதுதான். ஆனால் அக்கா கேட்டதில் என்ன தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் குளோரின் தெரியாத ஆள் கிடையாது. தண்ணி லாரியில் கலப்பது குளோரின், மாமாவின் சட்டையில் இருப்பது குளோரின், காற்று திரும்பினால் தெருவே கண்ணைக் கசக்குவது குளோரினால். கலி என்றால் என்னவென்றும் தெரியும். கலி முத்திப்போச்சு என்று வாரத்துக்கு ஒருமுறை யாராவது சொல்வார்கள். க்ளோரினால் பிடித்த கலி. இதைவிடத் தெளிவாக ஒரு டாக்டர் எதைச் சொல்லிவிட முடியும்?

"அக்கா, அது க்ரானிக்கலி. ரொம்ப நாளா இப்டியே கீறாருன்னு அர்த்தம்" என்றேன்.

"அதத்தானே நானும் சொல்றேன்" என்றாள்.

அவள் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தன. அதற்குள் விஷயம் தண்ணி லாரி வரிசைக்குப் போய்விட்டிருந்தது. அடுத்த இரண்டு நாளில் எங்கள் தெருவில் அது ஒரு வியாதியின் பெயர் ஆகிவிட்டது. எதிர்வீட்டுக்காரி தன் மாமியாருக்கும் க்ளோரின் கலி என்றாள். பித்தளைக் குடம் பச்சை பூத்தால் க்ளோரின் கலி, மல்லிச்செடி கருகினால் க்ளோரின் கலி. பருப்பு வேகவில்லை என்பதற்குக்கூட அதைச் சொன்னார்கள். எல்லார் வீட்டு இருமலுக்கும் முதல்முறையாக ஒரு பெயர் கிடைத்திருந்தது. அது டாக்டர் வைத்த பெயர் என்பதில் ஒரு பெருமை வேறு.

ஒரு வாரம் கழித்து மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நல்ல புடவையாகப் பார்த்து, வெளுத்த திட்டு உள்ளே போகும்படி மடித்துக் கட்டியிருந்தாள்.

மேனேஜரின் அறைக்குள் எங்களைக் கூப்பிட்டார்கள். ஏசி அறை, ஜன்னல் எல்லாம் ரப்பர் வைத்து அடைத்திருந்தது. வெளியிலிருந்து ஒரு பொட்டுக் காற்று உள்ளே வராது. அவர்கள் தயாரிப்பதை அவர்கள் மூக்கு அறியக்கூடாது என்று எவ்வளவு அக்கறை பாருங்கள். மேனேஜர் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் டாக்டர் டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. மாமா ஷிப்டிலிருந்து நேராக வந்து நின்றார், அதே சட்டையோடு. அவர் உள்ளே வந்ததும் மேனேஜர் மூக்கைச் சுருக்கினார். மேஜை டிராயரிலிருந்து ஒரு ஸ்பிரேயை எடுத்து மாமா இருந்த பக்கமாக இரண்டு தரம் அடித்தார். மல்லிகைப்பூ வாசனை. மாமாவுக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். மேனேஜர் இன்னொரு தரம் அடித்தார்.

"என்னம்மா, டாக்டர் என்னமோ சொன்னார்னு ஏரியா பூரா பரப்பிட்டு இருக்கியாமே" என்றார் மேனேஜர்.

"சொன்னாரு சார்" என்றாள் அக்கா. "உங்க டாக்டருதான் சொன்னாரு. ஹி ஈஸ் க்ளோரின் கலி லைக் திஸ்னு. நான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன்."

ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. அப்புறம் டாக்டருக்கு விளங்கியது. அவர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை, பிஸ்கட் துணுக்கு மேஜையில் தெறிக்கிற சிரிப்பு. மேனேஜரிடம் அதைத் திருப்பிச் சொன்னார், அவரும் சிரித்தார். டீக் கிளாஸ் எடுக்க வந்த பியூனுக்கும் சொன்னார்கள். அவன் எங்கள் பக்கத்து ஆள். அவனும் சிரித்தான். அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். தானும் கொஞ்சம் சிரித்து வைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த அரைச் சிரிப்போடு அவள் நின்ற நிலை என் கண்ணை விட்டுப் போவதே இல்லை. அந்த மேஜையைத் தூக்கிப் புரட்ட வேண்டும் போல இருந்தது.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "நீ இங்கிலீஷ் டீச்சராமே. க்ரானிக்கலின்னா என்னன்னு உங்க அக்காவுக்குச் சொல்லும்மா" என்றார்.

"ரொம்ப நாளாக, விடாமல் இருப்பது" என்றேன்.

"கேட்டுக்கோம்மா. ரொம்ப நாளா இருக்குது. இந்த ஆள் ஒடம்பே அப்படி. இதுக்கும் க்ளோரினுக்கும் என்ன சம்பந்தம்?"

மேனேஜர் அதை முடித்துவைத்தார். "எங்க இருந்தாலும் இருமப் போறவரு. அவரை எதுக்கு நான் இடம் மாத்தணும்? கேட்டுக்கு ஆரோக்கியமான ஆளா வேணும். வர்றவங்க போறவங்க பார்க்கிற இடம்."

இதில் ஒரு குறைகூடச் சொல்ல முடியாது என்பதுதான் இதன் அசிங்கம். எப்போதும் இப்படித்தான், ஆகவே எங்கே இருந்தால் என்ன, ஆகவே ஷெட்டிலேயே இருக்கட்டும். ஒரு வினையுரிச்சொல்லை வைத்து ஆளைப் பூட்டிவிட்டார்கள்.

"ரொம்ப நாள்னா எப்போதிலிருந்து சார்?" என்று கேட்டேன். "அவர் வேலைக்குச் சேரும்போது நீங்கதானே நெஞ்சைப் பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னீங்க? அதுக்கப்புறம் வந்த நாளெல்லாம் இந்த ஷெட்லதானே போச்சு? அப்போ அந்த ரொம்ப நாள் யாருடையது?"

டாக்டர் என்னை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அது சும்மா ஒரு வார்த்தைம்மா. நாங்க பழக்கத்துல சொல்றது. அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதே" என்றார்.

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் மாமாவை ஷெட்டில் வைக்க அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. இப்போது அது சும்மா. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா என் கையைத் தொட்டார்.

"வுடும்மா. ஷிப்டு ஓடிகினு கீது" என்றார். அவர் திரும்ப ஷெட்டுக்குப் போனார். நாங்கள் கேட்டைத் தாண்டி வெளியே வந்தோம். காலியாக இருந்த காவல்காரர் நாற்காலியை அக்கா பார்த்துக்கொண்டே நடந்தாள்.

பஸ் பிடித்துத் திரும்பினோம். தெருவுக்குள் வந்ததும், "அது எப்டி சொல்ணும்?" என்று கேட்டாள். சொன்னேன். க்ரா, னிக், கலி. வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் வாயில் க்ளோரின் கலி வரவே இல்லை. மற்ற பெண்கள் சொன்னால் முகத்தைச் சுளித்தாள். "அப்டி சொல்லாதீங்க, நாலு பேரு சிரிப்பாங்க" என்பாள். எதிர்வீட்டுக்காரியைத் திருத்தி, சரியாகச் சொல்லவைத்துவிட்டுத்தான் விட்டாள். மெல்ல மெல்லத் தெருவில் அந்தப் பெயர் செத்தது. இருமல் இருந்தது, பெயர் இல்லை. என் வகுப்பில் நானும் அந்தச் சொல்லை நடத்துவதை நிறுத்தினேன். மீஞ்சூர்ப் பெண் தாமதமாக வந்தால், ரயில் லேட்டா என்று கேட்டு உட்காரச் சொன்னேன்.

வருஷங்கள் போயின. தகரக்கூரை வகுப்பை மூடிவிட்டு நான் வேறு வேலைக்குப் போனேன். மாமா அதே ஷெட்டில் இருந்தார். கேட்டில் ஆரோக்கியமான ஆட்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்துபோனார்கள். மாமாவுக்குப் படி ஏற முடியாமல் போயிற்று, பிறகு படுக்க முடியாமல் போயிற்று. உட்கார்ந்தபடியே தூங்கினார். அப்படியும் வேலைக்குப் போனார். போகாதீர்கள் என்று சொல்லிவிட்டு அக்கா டிபன் கட்டிக்கொடுப்பாள். வேறு என்ன செய்வாள்?

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் அவர் ஷெட்டிலேயே விழுந்துவிட்டார். கம்பெனி வண்டியில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் ஆட்டோ வைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முகத்தில் ஆக்சிஜன் குழாயை வைத்தார்கள். கட்டில் கிடைக்கும் வரை வராந்தாவில் கிடந்தார். பக்கத்தில் யாரோ வாந்தி எடுத்திருந்தார்கள். அதன்மேல் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுப் போனார்கள். இங்கேயும் அதே நாற்றம். அக்கா முந்தானையால் அவர் முகத்தை மூடினாள்.

சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தர் வந்தார். தூக்கம் இல்லாத கண்கள். நெஞ்சைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார்.

"எவ்ளோ நாளா இருக்கு?" என்று கேட்டார்.

அக்கா எழுந்து நின்றாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, ஓர் எழுத்து பிசகாமல், "க்ரானிக்கலி மேடம்" என்றாள்.

என் வகுப்பில் படித்த ஒருவர்கூட அவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை. டாக்டரம்மா தலையாட்டினார். பீடி குடிப்பாரா என்று கேட்டார், இல்லை என்றாள் அக்கா. சரி, பழைய கேஸ் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லுக்கு என்ன வேலையோ அதை அது செய்துவிட்டது.

"அக்கா" என்றேன். "மொதல்ல சொன்னியே, அத சொல்லு."

"எத?"

"கம்பெனில சொன்னது."

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். வராந்தா நிறைய ஜனம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் டாக்டரம்மாவின் பக்கம் போய் நின்று, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"மேடம். அவருக்கு க்ளோரின் கலி."

டாக்டரம்மா திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"க்ளோரினா? அது எங்க?"

அக்கா சொன்னாள். ஷெட், சிலிண்டர், ஈரத்துண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா மாமாவிடம் திரும்பி வந்து, அவர் கையைப் பிடித்து வெளுத்த சட்டைக் காலரை விரலால் தொட்டுப் பார்த்தார். முகத்தில் குழாயோடு மாமா ஆமாம் என்று தலையாட்டினார்.

"இன்னும் அங்கேயேதான் வேலைக்குப் போய்ட்டு இருந்தாரா? மொதல்லயே அந்த இடத்தை விட்டு மாத்தியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காதேம்மா." அவர் குரல் உயர்ந்தது. நிஜமாகவே எங்கள் மேல் கோபப்பட்டார். "இத்தனை வருஷமா இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அக்கா மாமாவின் காலடியில் உட்கார்ந்தாள். கறுத்த கொலுசைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சொன்னேன் மேடம்" என்றாள். "சிரிச்சாங்க."